டாங்கி மேசையின் கீழே

நான் செய்யும் டாங்கிகள் ஒவ்வொன்றும் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை நகவெட்டியால் வெட்டி எடுத்து, தேய்த்து, பசை வைத்து, சாயம் அடித்து ஒன்றை முடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து வந்து, குளித்து, டீ குடித்த பிறகு கிடைக்கிற நேரத்தில்தான் செய்கிறேன்.

பெரிய டாங்கிகளை நான் தொடுவதில்லை. இலகு டாங்கிகள் மட்டும்தான். சின்ன வயதில் பெடாஸ் ஊர்ச் சாலையோரம் நின்றபோது, ஒரு பெரிய லாரியின் முதுகில் ஸ்கார்ப்பியன் டாங்கி போவதைப் பார்த்தேன். நம் ராணுவத்தின் டாங்கி. எங்கள் தோட்டத்து டிராக்டரைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. இவ்வளவு சின்னதா என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அதுவே பிடித்துப்போனது.

கதை கேட்கிற பிள்ளைகளே, பூகோளம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஏறவில்லை. டாங்கி வழியாகத்தான் ஏறியது. உலகப் போர் முடிந்ததும் பெரிய நாடுகள் தங்களுடைய இலகு டாங்கிகளைச் சின்ன நாடுகளுக்கு விற்றன, சிலவற்றைச் சும்மாவே கொடுத்தன. சேற்று வயலிலும் சின்னப் பாலத்திலும் காட்டுப் பாதையிலும் பெரிய டாங்கி புதைந்துவிடும், இது போய்விடும். அமெரிக்காக்காரன் செய்த எம்-24 ஜப்பானுக்குப் போனது, நார்வேயின் பனிக்குப் போனது. வியட்நாமுக்கு அதைத் துண்டு துண்டாகக் கழற்றி விமானத்தில் கொண்டுபோய் அங்கே பூட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் செய்த ஏ.எம்.எக்ஸ்-13 சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் வந்தது. ரஷ்யாவின் பி.டி-76 ஆற்றில் நீந்தும். ஒரே டாங்கிதான், ஆனால் போன இடத்துக்குத் தகுந்த மாதிரி சாயமும் அடையாளமும் மாறும். அந்த மாற்றத்தைச் செய்வதுதான் என் வேலை.

டாங்கி நிற்பதற்கு மண் வேண்டும். கடையில் விற்கிற பொடி நமக்குக் கட்டுப்படியாகாது. ஆலையில் செம்பனைப் பழத்தைப் பிழிந்த பிறகு நார் மலைமலையாகக் கிடக்கும். அதை ஒரு சாக்கில் கொண்டுவந்து, நறுக்கி, புல்லும் புதருமாக ஒட்டினேன். ரவையைப் பசையில் குழைத்துச் சாலை போட்டேன். காய்ந்த டீத்தூள் காட்டுச் சருகாகும். தாய்லாந்து வயல், இந்தோனேசியக் காடு எல்லாம் இப்படி வந்தவைதான்.

"உப்புமாவுக்கு ரவை வாங்கி வச்சா, மனுசன் தாய்லாந்துல ரோடு போட்டுக்கிட்டு இருக்காரு" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பக்கத்து வீட்டு அண்ணன், முன்பு எங்கள் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர், அவர் பங்குக்கு ஒன்று வைத்திருப்பார். "சண்டை வந்தா நம்ம லயத்து வீடுகளுக்குப் பயமில்ல லா. தம்பி பட்டாளமே வச்சிருக்கான்."

வீட்டுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி, பழைய கோழிக் கொட்டகை ஒன்று இருந்தது. சுற்றிலும் தகரம் அடித்து, தரைக்குச் சிமெண்டு பூசி, அதை என் அறையாக்கிக்கொண்டேன். கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் அலமாரி, அதன் கீழே மேசை. கதவோரத்தில் நார்ச் சாக்கு. நாரைக் கொண்டுவந்து வைத்த அந்த மாதங்களில் மேசை மேல் எலிப் புழுக்கை கிடக்கும். செம்பனைத் தோட்டத்தில் எலி இல்லாத வீடு ஏது? துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். அப்போது எட்டு வயதான என் மகள் உயரமான முக்காலியில் அலமாரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டுமாம். அப்பாவின் டாங்கிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று டீச்சரிடம் அவளே கேட்டு அனுமதி வாங்கி வந்திருந்தாள். எது எந்த நாடு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, தூரிகையைக் கழுவ வெளிக் குழாய்க்குப் போனேன்.

திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்ததும் சாக்குப் பக்கத்திலிருந்து ஒரு சீறல். தரையிலிருந்து ஒரு கருநாகம் எழுந்து நின்றது. படம் விரித்திருந்தது. முகம் என் பக்கம். அதன் முதுகுக்குப் பின்னால் முக்காலி. முக்காலியில் என் பிள்ளை, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

  கையில் தூரிகை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கருநாகம் கடிப்பதோடு நிற்காது. கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். ஆலையில் என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கு அப்படித் துப்பியதில் இன்றும் ஒரு கண் மங்கல். என் குரலைக் கேட்டு இவள் திரும்பினால் முகம் நேராக அதற்கு முன்னால் வரும். பயந்து குதித்தால் கால் அதன் மேல் விழும். பாய்ந்து தூக்கலாம் என்றால் நடுவில் அது இருக்கிறது.

"பாப்பா, திரும்பாத. அலமாரியவே பாரு. மேல் தட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா எந்த நாடுன்னு சொல்லு."

"பரீட்சையாப்பா?"

"ஆமா. பரீட்சைல திரும்பிப் பாக்கக் கூடாது."

"தப்பாச் சொன்னா?"

"பரவால்ல. திரும்பக் கூடாது, அவ்ளோதான்."

அவள் ஆரம்பித்தாள். எம்-24, ஜப்பான். எம்-24, நார்வே, இது மட்டும் வெள்ளை அடித்தது. ஒவ்வொன்றுக்கும் நான் ம் போட்டேன். ம் போடும்போதெல்லாம் படம் லேசாக அசைந்தது. சமையலறை வாசலில் என் மனைவி நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கத்தாமல் மண்டோர் அண்ணனைக் கைகாட்டி அழைத்திருக்கிறாள். அவர் செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்போடு என் பக்கவாட்டில் வந்து நின்றார்.

கம்பை அவர் ஓங்கவில்லை. அடைத்த அறையில் அடித்தால் அது பிள்ளைப் பக்கம்தான் ஓடும் என்றார். பொம்பாவை, அதாவது தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டால் வந்து சேர்வதற்குள் என்னென்னவோ ஆகிவிடும் என்றார். அப்புறம் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, நீ நிக்கிறதுதான் அது போற வழி. நீ இங்க நின்னா அது எப்படி வெளிய வரும்? விலகு."

"பிள்ளைய விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான். மெதுவா லா. கால இழுக்காம."

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் வைத்த அடிகளிலேயே கனமானது அந்த அடிதான். வாசலில் நின்றால் அவளைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம். விலகினால் அவள் கண்ணில் பட மாட்டாள், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. மண்டோர் அண்ணன் சொல்வது தவறாக இருந்தால்? அது வெளியே வராமல் உள்ளேயே திரும்பினால்?

ஆனால் ஒன்று தெரிந்தது. நான் வாசல் பக்கமிருந்து பேசிக்கொண்டே இருந்தால் எப்படியும் ஒரு தடவை திரும்பிவிடுவாள். பிள்ளைதானே. குரல் அலமாரிப் பக்கமிருந்து வந்தால் திரும்ப மாட்டாள்.

பின்னோக்கி ஒவ்வோர் அடியாக வைத்து விலகினேன். விலகியதும் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின் சுவருக்குப் போனேன். அலமாரி அடித்திருக்கும் தகரத்தில் வாயை வைத்தேன். வெயிலில் தகரம் சுட்டது.

"ம், சொல்லும்மா. அடுத்தது?"

"அப்பா, கொரலு எங்கேர்ந்து வருது?"

"டேங்க்குக்குப் பின்னாலேர்ந்து."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது காலை ஆட்டுவது அவள் வழக்கம். முக்காலிக் கட்டையில் குதிகால் டக்கென்று பட்டது. தகரத்தில் பழைய ஆணி ஓட்டை ஒன்று இருந்தது. கண்ணை வைத்தால் அவள் சட்டைப் பொத்தான் ஒன்றுதான் தெரிந்தது. அது மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. மூச்சு இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஏ.எம்.எக்ஸ்-13, சிங்கப்பூர். அதேதான், இந்தியா. பி.டி-76, இந்தோனேசியா. எம்-41, தாய்லாந்து. அப்புறம் நின்றுவிட்டாள்.

"இது எந்த நாடு? அதுல போட்ட எழுத்து தெரியல. எறங்கி நின்னு பாக்கவா?"

"எறங்காத."

நான் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்துபோய் வந்தது. பொத்தான் அசையாமல் நின்றது.

"அப்பா, கீழ ஏதாச்சும் இருக்கா?"

அதுவரை பரீட்சை என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பொய் வரவில்லை.

"இருக்கு. நீ மேலயே பாரு."

அவள் அழவில்லை.  உள்ளே சிமெண்டில் ஏதோ இழைந்து போகிற ஓசை கேட்டது. அது வாசல் பக்கம் போகிறதா, முக்காலிப் பக்கம் போகிறதா என்று தகரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு அவள் குரல் வந்தது. மிகவும் தாழ்ந்து, மூச்சோடு மூச்சாக.

"எனக்கு அந்த நாடு தெரியலப்பா."

சாயம் அடித்தது நான். அடையாளம் ஒட்டியது நான். அந்த நிமிடத்தில் எனக்கும் அந்த நாட்டின் பெயர் வரவில்லை.

"எனக்கும் தெரியலம்மா. அடுத்ததச் சொல்லு."

"ஸ்கார்ப்பியன்."

"எந்த நாடு?"

"நம்ம நாடு."

அலமாரி அதோடு முடிந்தது. முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னாள். எம்-24, ஜப்பான். எம்-24, நார்வே. இரண்டாம் தடவை பாதி வந்திருப்பாள், வாசல் பக்கமிருந்து மண்டோர் அண்ணன் குரல் கொடுத்தார். "வெளிய வந்துடுச்சு தம்பி. வாய்க்காலுக்குப் போவுது."

ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். எட்டு வயதுப் பிள்ளையைப் பச்சைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு சமையலறை வரைக்கும் போய்விட்டேன்.  என் மனைவி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, பாதம், விரல், கணுக்கால் என்று ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தாள். பிறகு நாகம்மாவுக்குப் பால் வைப்பதாக வேண்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தடவிப் பார்த்தாள்.

மண்டோர் அண்ணன் கம்பால் சாக்கைப் புரட்டினார். நாருக்குள் எலிக் கூடு. கண் திறக்காத குஞ்சுகள். பிழிந்த நாரிலும் எண்ணெய் மிச்சம் இருக்கும், அந்த வாசத்துக்கு எலி வரும் என்பது ஆலையில் நிற்கிற எனக்குத் தெரியாததில்லை. டாங்கி வேலையில் அது நினைவுக்கு வரவேயில்லை.

"மெத்தையும் போட்டு, ரவையும் வச்சிருக்க. எலி வந்தா அது பின்னாடியே பாம்பும் வரும்ல" என்றார். வழக்கமாக அவர் சிரித்துக்கொண்டுதான் குத்துவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சாயங்காலமே என் மனைவி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினாள். வயல், காடு, சாலை எல்லாம் போயிற்று. டாங்கிகளை மட்டும் நான் பிய்த்து எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன்னால் குச்சியால் தட்டிப் பார்த்தேன். கொட்டகையைப் பிரித்துவிட்டோம். டாங்கிகள் இப்போது முன் அறையில் கண்ணாடி அலமாரியில், வெறும் கண்ணாடி மேல் நிற்கின்றன.

என் மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் அலமாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு நாடாகச் சொல்லிக் காட்டுவாள். வாயாடிப் பெண்தான், அதை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லுகிறாள். சொல்லி முடிக்கும்வரை கண்ணை அலமாரியை விட்டு எடுப்பதில்லை. விருந்தாளிகள் டாங்கிகளைப் பார்ப்பார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.