என் வீட்டுக்காரர் ஆக்கின கிறிஸ்துமஸ் பிரியாணி

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம் இருக்கும்போது என் வலது கை உடைஞ்சிடுச்சி. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில நான் தையல் மெஷின்ல வேலை செய்றவ. மழையில கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழுக்கி, கை மேலயே விழுந்துட்டேன். வேலூர்ல ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சாங்க. விரல் பழையபடி மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டர்.

வீட்ல நானு, வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற எங்க பொண்ணு எஸ்தர். வருமானம் கம்மிதான். ஆனா ராத்திரி சாப்பாடு வீட்ல ஆக்குனதா, சூடா இருக்கணும். அதுல நான் வைராக்கியமா இருந்தவ. ரெண்டு முள்ளங்கியும் கொஞ்சம் பருப்பும் இருந்தா மூணு பேரும் வயிறாரச் சாப்பிட வச்சிடுவேன். கை போனதும் எல்லாமே ஹோட்டல் பார்சல் ஆயிடுச்சி. அவர் சம்பளம் அதுலயே கரைஞ்சிது. எஸ்தருக்கு வயிறு ஒத்துக்கல. வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போய்ட்டா.

கிறிஸ்துமஸுக்கு அவரோட தம்பிங்க குடும்பம் பேரணாம்பட்டுல இருந்து எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவாங்க. இந்த வருஷம் வர வேணாம்னு சொல்லிடலாமான்னு அவர் கேட்டாரு. எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரல.

ஒரு நாள் சாயங்காலம் இடது கையால சோறு வடிக்கப் பாத்தேன். குண்டான் சாஞ்சி, சோறும் கஞ்சியும் தரையெல்லாம் ஓடுச்சி. கால் வேகாம தப்பிச்சதே பெருசு. அங்கயே உக்காந்து அழுதேன். "ஆண்டவரே, என் கையைத் திருப்பிக் குடுங்க. இல்லன்னா எனக்குக் கை குடுக்க ஒரு ஆளைக் குடுங்க"ன்னு வாய்விட்டு ஜெபம் பண்ணேன்.

அப்போதான் அவர் வேலை முடிஞ்சி வந்தாரு. டேனரியில தோலை ஊற வைக்கிற சுண்ணாம்புத் தொட்டி வேலை அவருக்கு. தோல் வாடை கையை விட்டுப் போகாதுன்னு, கல்யாணம் ஆனதுல இருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொட்டதில்ல. அன்னிக்கு அவரே தரையைக் கூட்டித் தொடச்சாரு. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில தேச்சித் தேச்சிக் கழுவுனாரு. அப்புறம் என்னைப் பாத்து, "ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும்?"னு கேட்டாரு.

நான் உக்காந்த இடத்துல இருந்து சொன்னேன். அவர் செஞ்சாரு. சோறு கொஞ்சம் குழைஞ்சிடுச்சி, ரசத்துல புளி ஜாஸ்தி. எஸ்தர் தட்டு முன்னாடி அவர் தயங்கி நின்னு, "வாடை வருதாம்மா?"ன்னு கேட்டாரு.

"வரலப்பா. இன்னும் கொஞ்சம் போடு"ன்னா அவ.

அவர் கண்ணு கலங்குனதை நான் பாத்தேன். கேட்டதைக் கர்த்தர் குடுத்துட்டாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிப் போச்சி.

அதுக்கப்புறம் ஒரு நாளும் பார்சல் வரல. மார்க்கெட் கலையுற நேரத்துல போய், கத்திரிக்காய், கீரைன்னு எது மலிவோ அதை வாங்கி வருவாரு. பேரம் பேசுறதுல என்னையே மிஞ்சிட்டாரு. எஸ்தர் தேறி ஸ்கூலுக்குப் போனா. தம்பிங்களை அவரே கூப்பிட்டு, கண்டிப்பா வரணும்னு சொன்னாரு.

ஆட்டுக்கறிக்கு வசதி இல்ல, மாட்டுக்கறி வாங்குனோம். பக்கத்து வீட்டு ஷாஹின் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு, மிளகாய் ஊற வச்சி அரைக்கிறதுல இருந்து தம் போடுற வரைக்கும் அவருக்குப் பிரியாணிப் பக்குவம் சொன்னாங்க. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிஞ்சி எல்லாரும் வந்தாங்க. அவர் மூடியைத் திறந்தாரு. தெருவே மணந்துச்சி. "அண்ணி, ஒத்தைக் கையோட எப்படி ஆக்குனீங்க?"ன்னு சின்னத் தம்பி கேட்டாரு. "நான் ஆக்கல, உங்க அண்ணன் ஆக்குனது"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். என் வாழ்நாள்ல அவ்ளோ பெருமையா நான் எதையும் சொன்னதில்ல.

இன்னிக்கு என் விரல் மடங்குது, மெஷின்ல திரும்ப உக்காந்துட்டேன். அதுக்கும் ஸ்தோத்திரம். ஆனா ராத்திரி சமையல் இப்பவும் அவரோடதுதான். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுறோம்.

முடியாம உக்காந்திருக்குற சகோதரிங்களே, மனசுக்குள்ளயே புழுங்காதீங்க. அடுப்படியா இருந்தாலும் அங்கயே ஆண்டவர்கிட்ட கேளுங்க. என் ஜெபத்தைக் கேட்டவர் உங்க ஜெபத்தையும் கேப்பாரு.