ஞானசிகாமணி குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமைகள்

இந்த மலைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் பேக்கரியில் போய் நின்றால் என் வாயில் முதலில் வருவது "பாண்" என்ற சொல்தான். வந்த புதிதில் கொடைக்கானல் பஜாரில் ஒரு கடைக்காரரிடம் "ஒரு ராத்தல் பாண் தாங்க" என்று கேட்டேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வடக்கத்தி டூரிஸ்ட்டுகதான் பான் கேப்பாங்க. நீ சின்னப் புள்ள, அதுவும் ராத்தல் கணக்குலயா? வெத்தலக் கட அங்கிட்டு இருக்கு தாயி" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாண் என்று நான் கேட்டது இங்கத்து ரொட்டியைத்தான் என்று சொல்ல முடியவில்லை. எங்களுக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப்பூப் போட்டு அம்மா கல்லில் சுடுவது. கண்ணாடிப் பெட்டிக்குள் தெரிந்ததை விரலால் காட்டிவிட்டு, அதை வாங்கிக்கொண்டு எங்கள் வீடு இருந்த பள்ளங்கிக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

கடலுக்கு அந்தக் கரையில், சிலோன் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் இருக்கும் என் சொந்தங்களும், என்னைப் போலக் கப்பலேறி வந்து இந்த மலைகளில் சிதறிப் போனவர்களும் இதைப் படிப்பார்கள் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியும், ஊர் பார்க்க ஒன்றுபோல இருப்பதுதான் நம்மை முதலில் ஏமாற்றியது. அதே குளிர், அதே மஞ்சு, காலையில் அதே ஈர விறகின் புகை. ஆனால் அங்கே மலை முழுக்கத் தலைவாரிவிட்டதுபோல் தேயிலை இருக்கும். இங்கே படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும். கொழுந்து கிள்ளிப் பழகிய அம்மாவின் கை பூண்டுக் காட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியது. அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர் ஆனோம்.

போன வாரம் அதே பஜாரில் ஒரு பேக்கரியில் நின்றுகொண்டிருந்தேன். கல்லாவில் இருந்த பெண்ணின் செல்போனில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு ஓடியது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பாட்டு. என்னை அறியாமல் அடுத்த வரியைச் சேர்த்துப் பாடிவிட்டேன். அந்தப் பெண் அசந்துபோய், "ஆன்ட்டி, உங்களுக்கு இங்லீஷ் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா. ஆனா அடுத்த வரி வரும்" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து அவள் சிரித்தாள். நான் சொன்னது உண்மை. பொருள் தெரியாமலே நாற்பது ஐம்பது ஆங்கிலப் பாட்டுகள் எனக்கு முழுசாக வரும். அதற்குக் காரணம் ஒரு குடும்பம்.

ஞானசிகாமணி மாஸ்டர் மிஷன் பள்ளி ஒன்றில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பார். அவர் மனைவி ரோஸ்லின் டீச்சர் அக்கார்டியன் வாசிப்பார்; அந்தப் பெட்டியை மாட்டினால் அவருடைய முகம் மட்டும்தான் வெளியே தெரியும். மூத்தவள் எஸ்தர் பாடுவாள். அடுத்தவன் ஜோயல் கிதார். கடைசி இருவரும் டிரம்ஸுக்கும் கூடப் பாடுவதற்கும். மே மாத சீசன் வந்துவிட்டால் இந்த ஆறு பேரும்தான் மலைக்கு ராஜா. ஓட்டல் புல்வெளியிலும் ஏரிக்கரை மேடையிலும் அவர்கள் பாடுவார்கள். தேனிலவுக்கு வந்த ஜோடிகள் ஆடும். பம்பாயிலிருந்து வந்தவர்கள், வெளிநாட்டில் பேர்பெற்ற அண்ணன் தம்பிப் பாட்டுக் குடும்பங்களோடு இவர்களை ஒப்பிட்டுப் பேசுவார்கள். பண்ணைக்காடு பஸ் கண்டக்டர்கூட அவர்கள் பாட்டைத்தான் விசிலடிப்பார். நானும் தூரத்தில் மரத்தடியில் நின்று கேட்டிருக்கிறேன். அவர்களோடு ஒருநாள் பேசுவேன் என்று நினைத்ததே இல்லை.

மாஸ்டர் வேலை பார்த்த பள்ளியின் ஹாஸ்டலில் துணிக்கு இஸ்திரி போடும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் நடந்து போன மாஸ்டர் நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பாட்டு எங்க கேட்ட?"

திட்டப்போகிறார் என்று பயந்து, "ரேடியோவுலங்க சார். சனிக்கெழம சாயங்காலம்" என்றேன்.

"எந்த ரேடியோவுல? எங்க வீட்டுல வெறும் கரகரதான வருது!"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையம் ஒன்று சனிக்கிழமை நாலு மணிக்குப் புது ஆங்கிலப் பாட்டுகள் போடும். ஊருக்குள் அது சரியாக எடுக்காது. பள்ளங்கிச் சரிவின் ஓரத்தில், எங்கள் தகரக்கூரை வீட்டில், அப்பா அந்தக் கரையிலிருந்து துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த டிரான்சிஸ்டரில் மணிபோல் கேட்கும். அந்தச் சனிக்கிழமையே மாஸ்டர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஆறு பேருக்கு உட்கார இடமில்லை. அம்மா கதவோரம் ஒதுங்கி நின்று, "இவ்வளவு பெரிய ஆளுக இந்தக் குடிசைக்கு வந்திருக்காகளே" என்று என் காதில் சொன்னாள்.

அவர்கள் பாட்டைப் பிடித்த விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு பாட்டு ஒரு தடவைதான் வரும். நிறுத்திக் கேட்க முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு வேலை. எஸ்தர் முதல் வரியை எழுதுவாள், ஜோயல் இரண்டாவது வரி, எஸ்தர் மூன்றாவது, ஜோயல் நான்காவது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மெட்டை சோல்ஃபாவில், டோ ரே மீ எழுத்துகளாக, எழுதுவார். கண் திறக்காமலே பென்சில் நேர்கோட்டில் ஓடும். ரோஸ்லின் டீச்சர் அடியில் ஓடும் கனத்த ஸ்வரங்களை மட்டும் கேட்பார். சின்னவர்கள் இருவரும் முழங்காலில் தாளம் தட்டிப் பழகுவார்கள். பாட்டு முடிந்ததும் தாள்களைச் சேர்ப்பார்கள். நடுவில் ஓட்டைகள் இருக்கும். முதல் நாளே எஸ்தர் ஒரு ஓட்டையில் நின்று, "இங்க என்ன வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்தாள். எனக்குச் சொல் தெரியாது, ஆனால் சத்தம் அப்படியே காதில் நின்றது. சொன்னேன். எஸ்தர் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். "அப்பா, கெடச்சிருச்சு!" மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒங்காது டேப் ரெக்கார்டர்மா" என்றார். அன்றிலிருந்து தாள்களைச் சேர்க்கும்போது எனக்கும் அந்த வட்டத்தில் ஓர் இடம் இருந்தது. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் இடம் அதுதான்.

அம்மா அவர்களுக்குப் பால் ஊற்றாத தேத்தண்ணி கொடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைப்பாள். எஸ்தர் முதல் தடவை சீனியைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கினாள். "அய்யய்யோ, அப்பிடி இல்ல புள்ள! நக்கிக்கிட்டு ஒரு முடக்கு, நக்கிக்கிட்டு ஒரு முடக்கு" என்று அம்மா செய்து காட்டினாள். இந்த ஊரின் பெயர்பெற்ற பாடகி எங்கள் மண் தரையில் சப்பணம் போட்டு உள்ளங்கையை நக்கியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கப்பலேறிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அம்மா சிரிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. என் அக்கா சிவகாமி பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாக்கப்பட்டிருந்தாள். அத்தானின் குடும்பத்துக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது, எங்களுக்கு இந்த நாட்டுடையது. அதனால் நாங்கள் கிளம்பினோம், அவள் நின்றாள். ரயிலடியில் அக்காவின் கையை அம்மா விடவில்லை. அப்பாதான் விரல்களைப் பிரித்தார்.

எண்பத்து மூன்று ஜூலையில் அந்தக் கரையில் நம் ஆட்களைத் தேடித் தேடி அடித்து வீடுகளைக் கொளுத்தியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேப்பரில் பதுளை என்ற பெயரை வாசித்ததும் அப்பா பேப்பரை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அப்பாவின் முகம் தெரியும். அந்தச் சனிக்கிழமையும் மாஸ்டர் குடும்பம் மேட்டில் ஏறி வந்தது. அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"இன்னக்கிப் பாட்டு வேணாம்யா."

"பாட்டுக்கு வரலம்மா," என்றார் மாஸ்டர். "நீங்க தனியா இருப்பீங்களேன்னு வந்தோம்."

அவர்கள் கையில் நோட்டு இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஏதாவது சேதி சொல்வார்களா என்று அப்பா ரேடியோவைத் திருகினார். நாலு மணிக்கு வழக்கமான நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு துள்ளல் பாட்டு. அந்தக் குடும்பத்தில் ஒருவர் விரலும் அசையவில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போது அம்மா எழுந்தாள். "அங்க எம்புள்ள உசுரோட இருக்காளான்னு தெரியல, இது ஆட்டம் போடுதே" என்று ரேடியோவை அணைத்தாள். ஒரு பழைய துண்டை எடுத்து அதைச் சுற்றிக் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். பிறகு அப்படியே தரையில் சரிந்துவிட்டாள். ரோஸ்லின் டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அம்மாவின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

மாஸ்டர் அப்பாவிடம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்தில் என்ன கோயில், அத்தான் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "நம்ம மிஷன் ஐயர்மாரு அங்கயும் இருக்காங்க. யாராச்சும் ஒருத்தர் போயிப் பாப்பாங்க" என்றார். அன்று எழுதியதோடு விடவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு கடிதம், ஒவ்வொரு வாரமும் வேறொரு பாதிரியாருக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து, "இன்னும் பதில் வரலம்மா, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்வதற்காகவே அத்தனை தூரம் ஏறுவார். பதில் வராததைச் சொல்ல யார் வருவார்கள்? அவர் வந்தார்.

அந்த வருஷம் செப்டம்பரில் வரும் இரண்டாவது சீசனில் ஏரிக்கரை ஓட்டலில் அவர்கள் பாடவில்லை. மதுரையிலிருந்து வேறொரு குழு வந்து பாடியது. புதுப்பாட்டு ஒன்றுகூட இல்லாததால் ஓட்டல்காரர் மாற்றிவிட்டாராம். இதை அவர்கள் எங்களிடம் சொல்லவே இல்லை. ஹாஸ்டல் சமையல்காரர் சொல்லித்தான் தெரியும். நான் எஸ்தரைத் தேடிப் போனேன்.

"எங்க வீட்டுல மூடி வச்சா என்னக்கா? வேற எங்கயாச்சும் ரேடியோ எடுக்குற எடமாப் பாத்துருக்கலாம்ல? எங்கனால ஒங்களுக்கு..."

"அப்பாகிட்ட கேட்டேன்டி," என்றாள் எஸ்தர். "அந்தம்மா காதுல விழக்கூடாதுன்னு மூடி வச்சிருக்காங்க. நாம வேற வீட்டுல போயி அதே பாட்ட எழுதி ஏரிக்கரையில பாடவான்னு கேட்டாரு. எனக்கும் மனசு வரல. விடு, பாட்டு எங்கயும் போயிறாது."

சொல்லிவிட்டு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். பாட்டுதான் அவர்கள் உயிர் என்று நினைத்திருந்தேன். எங்களுக்காக அதையும் ஒதுக்கி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் மழையில் ஒரு புதன்கிழமை மாஸ்டர் குடையில்லாமல் ஓடி வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார். "வெரசா பிரிங்கம்மா" என்றார். உள்ளே அக்காவின் கையெழுத்து. கூரை போய்விட்டது, ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம், தேயிலைச் செடிக்குள் இரண்டு நாள் படுத்துக் கிடந்தோம், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள், அம்மா பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். நான் வாசித்து முடித்ததும் அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மாஸ்டரின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டத் தொடங்கினாள். அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோலக் குனிந்து நின்றார்.

இப்போது மாஸ்டரும் டீச்சரும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். எஸ்தர் கிறிஸ்துமஸுக்குப் போன் பேசுவாள். இரண்டு பேரும் ஏதாவது ஒரு பழைய பாட்டைத் தொடங்கிப் பாதியில் இருமி நிறுத்துவோம். அக்கா அங்கேயே இருந்துவிட்டாள், அங்கேயே பேரன் பேத்தி எடுத்தாள். அம்மா அவளைக் கடைசிவரை மறுபடி பார்க்கவில்லை. அம்மாவின் ஆனந்தம் என்று நினைத்தால் எனக்கு நினைவு வருவது அடுத்த வருஷத்து மே மாதம்.

அதற்குள் அம்மா ரேடியோவின் துண்டை அவிழ்த்திருந்தாள்; ஏரிக்கரை மேடையும் மறுபடி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு மாஸ்டர் அம்மாவிடம், "உங்க தோட்டத்துல நல்லநாளு பெரியநாளுல எல்லாரும் சேந்து என்னம்மா பாடுவீங்க?" என்று கேட்டிருந்தார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே அந்தக் கரையில் எல்லாரும் ஆடிப் பாடும் ஒரு பைலா மெட்டைப் பாடிக் காட்டினாள். அன்று சாயங்காலம், ஆங்கிலப் பாட்டுகள் எல்லாம் முடிந்தபின், ரோஸ்லின் டீச்சரின் அக்கார்டியனில் அந்த மெட்டு கிளம்பியது. எஸ்தர் தமிழில் பாடினாள். டூரிஸ்ட்டுகளுக்கும் பஜார்க்காரர்களுக்கும் அது என்ன என்று தெரியவில்லை, ஆனால் பிடித்துவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த கணக்கில், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று, கூட்டம் முழுக்கக் கைதட்டத் தொடங்கியது. என் பக்கத்தில் நின்ற அம்மா சேலையை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கே லயத்து முற்றத்தில் ஆடியதுபோல, மூன்று மூன்றாக வரும் இன்னொரு கணக்கில் காலை மாற்றி மாற்றி வைத்தாள். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். என் கைகள் இந்த ஊரோடு சேர்ந்து தட்டின. என் கால்கள் அம்மாவோடு போயின. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பாட்டு முடிகிறவரை நான் எதையும் நிறுத்தவில்லை.