மிளகாய் கட்டிய காகிதம்

வடிவம்மாளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அவள் மகள் நவமணியைப் போலப் படிப்பில் பைத்தியமான ஒரு பெண்ணை நான் பினாங்கில் பார்த்ததில்லை. அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவள் எழுத்துத் தெரியாத அந்தத் தாய்தான். பிடிக்க வைக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நவமணி சொன்னாள். தாயின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

டத்தோ கிராமட் பக்கத்தில் ஓலைக்கூரை போட்ட வரிசை வீடுகளில் நாங்கள் இருந்தோம். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். வடிவம்மாளின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நவமணி கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு வடிவம்மாள் அம்மியைப் பிடித்தாள். மிளகாய், மல்லி, மஞ்சள் என்று தனித்தனியாக அரைத்து உருட்டி, வாழை இலையில் வைத்துப் பாசாரில் விற்கக் கொண்டுபோவாள். சில பெரிய வீடுகளுக்கும் வாடிக்கையாகக் கொடுத்துவந்தாள். அவள் கையைத் தொட்டால் நம் கை எரியும்.

மிளகாய் வாங்குவது கடைத்தெருவில் சிக்கந்தர் நானாவின் கடையில். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்துக் கப்பலில் மிளகாய் மூட்டைகளோடு பழைய தமிழ்ப் பத்திரிகைகளும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். யாரும் படிப்பதற்கு அல்ல, பொட்டலம் கட்டுவதற்கு. நானும் நவமணியும் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார் நடத்திய பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச காலம் போய்வந்தவர்கள். ஒருநாள் மிளகாயைக் கொட்டிவிட்டு, அந்தக் காகிதத்தில் இருந்ததை நவமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஏதோ கதையின் நடுப்பகுதி. ஒருத்தி கிணற்றடியில் நின்று அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்கிற இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

வடிவம்மாள் குழவியை நிறுத்திவிட்டாள்.

"ஏன்டி அழுவுறா?"

"தெரியலம்மா. கிழிஞ்சிருக்கு."

மறுநாள் காலையில் வடிவம்மாள் முதல் ஆளாகக் கடையில் போய் நின்றாள். "நானா, நேத்து எனக்கு மிளகா கட்டுனீங்களே, அந்தக் கட்டுல மிச்சக் காயிதம் இருக்கா?"

சிக்கந்தர் நானாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாரும் மிளகா நல்லா இருக்கான்னு பாப்பாங்க. நீ காயிதத்தைப் பாக்குறியேம்மா!"

சிரித்தாலும் நல்ல மனிதர். அன்றுமுதல் ஒரே கட்டிலிருந்து வரிசை மாறாமல் தாளை எடுத்து அவளுக்குக் கட்டினார். அவளும் மொத்தமாக வாங்குவதை விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க ஆரம்பித்தாள். பொட்டலம் கூடினால் காகிதம் கூடுமே. அதற்காகத் தினமும் அந்த வெயிலில் கடைத்தெருவுக்கு நடந்தாள். எங்கள் அம்மா உட்பட அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் அரைப்பாள், நவமணி படிப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து விதைகளை உதறித் தாளை நீவிக் கொடுப்பேன். நல்ல கட்டம் வந்தால் குழவி தானாக நின்றுவிடும். கதை பாதியில் அறுந்தால் வடிவம்மாள் விடமாட்டாள். "மிச்சத்தை நீங்க சொல்லுங்கடி" என்பாள். நாங்கள் ஆளுக்கொரு முடிவு சொல்வோம். பிறகு எப்போதாவது உண்மையான முடிவு வேறொரு பொட்டலத்தில் வந்து சேரும்; எங்களுடையதே மேல் என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். படிக்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டும். கதையாலா மிளகாய் நெடியாலா என்று யாரும் கேட்டதில்லை. என் ஆயுளில் அதைவிடச் சந்தோஷமான காலம் ஒன்று வரவில்லை.

நவமணிக்கு வளர வளர அது வெறியாகிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே படிப்பாள். தெருவில் கிடக்கும் துண்டுக் காகிதத்தைக்கூடக் குனிந்து எடுப்பாள். வடிவம்மாளுக்கு அதில் பெருமை தாங்காது. "எம்மவளுக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். படிக்கப் புஸ்தகம் இருக்கிற வீடா பாத்துக் குடுத்துடுவேன்" என்று பாசாரில் காதில் விழுகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

அந்த நாளில் பினாங்கில் தமிழ்ப் பெண்கள் குறைவு. அம்மி அரைப்பவள் மகளுக்கும் வரன் தேடி வரும். முதலில் வந்தவர் டிராமில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த தங்கராஜு. குடி, கூத்து எதுவும் கிடையாது. பெண் கேட்டு வந்தவரிடம் வடிவம்மாள் கேட்ட முதல் கேள்வி எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

"வீட்டுல புஸ்தகம் இருக்கா தம்பி?"

"புஸ்தகமா? ஒரு பாயும் பெட்டியும்தான் இருக்குலா" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே அனுப்பிவைத்துவிட்டாள்.

அடுத்து வந்தது பழனியப்பன் வீடு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொங்கான் படகுகளைக் குத்தகைக்கு ஓட்டியவர். வடிவம்மாள் மசாலா கொடுத்துவந்த வாடிக்கை வீடுதான். அதுவரை அவள் பின்கட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. சரஸ்வதி பூசையன்று சுண்டல் வாங்கிக்கொள்ள அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே திறந்த தேக்கு அலமாரிக்கு முன்னால் மணையின்மேல், ஓர் ஆள் உயரத்துக்குப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. தோல் அட்டை போட்டவை, தங்க எழுத்துப் போட்டவை, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், மேலே மல்லிகைச் சரம். வடிவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அடியே, ஆயுசுக்கும் படிச்சாலும் தீராதுடி!"

சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை வைத்துக் கும்பிடுவார்கள், யாரும் எடுத்துப் படிக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆகவே அந்த வீட்டில் ஒருவரும் படிக்காததைப் பார்த்து அவளுக்கு என்ன சந்தேகம் வரும்? வேறு எந்த நாள் போயிருந்தாலும் அந்த வீட்டின் லட்சணம் தெரிந்திருக்கும். அவள் போய்ப் பார்த்தது அந்த ஒரு நாளில். அந்த வீட்டின் மூத்த மகனுக்குப் பெண் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவளே வாய்விட்டுக் கேட்டு, அந்த மாசியிலேயே கல்யாணத்தை முடித்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. அந்த அலமாரியை நினைத்துத்தான்.

அது ஏலத்தில் எடுத்த அலமாரி. ஊருக்குத் திரும்பிப்போன யாரோ ஒரு வக்கீலின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, தேக்கு நன்றாயிருக்கிறது என்று பழனியப்பன் எடுத்தார். உள்ளே புத்தகங்களும் இருந்தன. இருந்தது அப்படியே இருக்கட்டும் என்று பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். வருஷத்தில் ஒருமுறை பூசைக்குத் திறப்பது. மறுநாள் விஜயதசமிக்கு ஆண்பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வரி வாசிப்பார்கள். பிறகு பட்டுத்துணியால் துடைத்து மறுபடி பூட்டு. நவமணி அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பாள்.

புருஷன் மூலமாக ஒரு புத்தகம் கேட்டுப் பார்த்தாள். மாமனாருக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "சரஸ்வதியை மீன் கழுவுன கையாலயா தொடுறது?" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. மருமகளுக்கு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தார், ஒருநாளும் வயிறு வாடவிட்டதில்லை. எழுத்து என்றால் சாமி, சாமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்களா? இப்படிப்பட்ட பக்திமான்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் தெரிந்ததும் வடிவம்மாள் சும்மா இருக்கவில்லை. மசாலா உருண்டையை இலையில் கட்டி, அதன்மேல் சிக்கந்தர் நானா கொடுத்த தாளைச் சுற்றி அந்த வீட்டுக்குக் கொண்டுபோனாள். நவமணி அடுப்படியிலேயே வைத்துப் படித்துவிடுவாள். கொஞ்ச நாள்தான் ஓடியது. அச்செழுத்தின்மேல் மிளகாய்க் கறை பட்டிருப்பதைப் பழனியப்பன் பார்த்துவிட்டார். இனிமேல் வெறும் இலையில் கட்டி வந்தால்தான் மசாலா வாங்குவோம் என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, பூசைக்குப் புத்தகங்களுக்குப் பொட்டு வைக்கும் வேலையை நவமணியிடம் விட்டார்கள். சந்தனக் கிண்ணம் ஒரு கையில் இருக்க, மறுகையால் ஒன்றைப் பிரித்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். படிக்கக் கூடாத நாளில், சாமிக்கு முன்னால். மாமியார் வந்து தோளைப் பிடித்துத் திருப்பும் வரைக்கும் அவளுக்கு நினைவே இல்லையாம். அதற்கு அடுத்து வந்த மழையில் அரிசி மூட்டையோடு ஒரு தொங்கான் கவிழ்ந்தது. கடல் கொந்தளித்தால் படகு கவிழாதா? அது யாருக்கும் தோன்றவில்லை. "பூசையன்னைக்குப் படிச்சவ" என்பது அந்த வீட்டில் அவளுக்குப் பெயராகிவிட்டது. புருஷனும் அதையே சொல்லிக் கூப்பிட்டான்.

இதற்குள் எனக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, வடிவம்மாள் திருப்பி அனுப்பிய அதே தங்கராஜுதான். கல்யாணமான புதிதிலேயே, டிராமில் யாரோ விட்டுப்போன பத்திரிகையைக் கொண்டுவந்து என்னிடம் போட்டார். "நீ படிப்பியாமே, இந்தா." அதன்பிறகு வாரந்தவறாமல் கொண்டுவந்தார். அவருக்குப் படிப்பு ஓடாது. நான் படித்துச் சொல்வதைக் கேட்டபடியே தூங்கிவிடுவார். எங்கள் வீட்டு மூலையில் காகிதம் என் இடுப்பளவுக்கு வளர்ந்தது. அம்மா வீட்டுக்கு வந்திருந்த நவமணி ஒருநாள் என்னைப் பார்க்க வந்தாள். அந்த மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தை வாசல் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். போகும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி போட எழுந்துபோனேன்.

பல வருஷங்கள் கழித்து ஒரு தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போன நவமணி, திரும்பும் வழியில் மகள் குணவதியோடு தாய் வீட்டில் இறங்கினாள். அப்போது குழந்தைக்கு ஐந்து வயது. நானும் அங்கேதான் இருந்தேன். வடிவம்மாள் இந்த நாளுக்காகவே காத்திருந்தவள். நல்ல தாளாகப் பொறுக்கி, மிளகாய் வாடை போக வெயிலில் காயவைத்துப் பாய்க்கடியில் வைத்திருந்தாள். குழந்தையை மடியில் இருத்தி, படம் போட்ட ஒரு தாளை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இங்க பாரு, இந்த அக்கா ஏன் அழுவுறாங்கன்னு ஒங்கம்மாவக் கேளு. அம்மா படிச்சுச் சொல்லுவா."

குழந்தை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கண்ணில் அந்தப் பழைய நவமணியின் ஆசை தெரிந்தது. நான் மட்டுமா பார்த்தேன், நவமணியும் பார்த்தாள். எழுந்து வந்து தாளை வாங்கி, மலையில் கொடுத்த விபூதியை அதில் கொட்டி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேணாம்மா. இவளுக்கு இதக் காட்டாத."

"ஏன்டி? ஒனக்குத்தான் அங்க வழியில்லாமப் போச்சு. இவளாவது படிக்கட்டுமே."

"இவளையும் நாளைக்கு இதுமாதிரி ஒரு வீட்டுலதாம்மா குடுப்பாங்க." குரல் உயரவில்லை. "அந்த வீட்டுல என் ஓரகத்தி இருக்கா. நல்லா சாப்புடுறா, நல்லா தூங்குறா. அலமாரியக் கண்டா அவளுக்கு அது வெறும் மரம். எனக்கு மட்டும் தினமும் அதத் தாண்டிப் போறப்ப வயிறு எரியுது. நீ எனக்குப் பசிய ஊட்டி ஊட்டி வளத்தம்மா. சோறு எங்க இருக்குன்னு பாக்கத் தெரியல ஒனக்கு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வடிவம்மாள் அழவில்லை. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஏதாவது படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மறுநாள் கடைத்தெருவுக்கு அவளோடு நானும் போனேன். சிக்கந்தர் நானா வழக்கம்போல அவளுக்கென்று ஒதுக்கிவைத்த கட்டிலிருந்து தாளை உருவினார். "போன தடவை விட்ட இடத்துலேருந்து வருதும்மா" என்றார்.

"காயிதம் வேணாம் நானா. இலையில கட்டுங்க."

"காஞ்ச மிளகாய எப்படிம்மா இலையில கட்டுறது? வழியெல்லாம் கொட்டிப் போயிரும்லா."

வடிவம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"அப்ப மடியில கொட்டுங்க."