கிண்ணத்தில் மூன்றரை ஸ்பூன்

அச்சகத்தில் அவரைப் புள்ளி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதோ பெரும்புள்ளி என்று யாரும் தப்புக்கணக்குப் போட்டுவிட வேண்டாம். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழவில்லை என்பதற்காக, கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தச் சொன்ன மனிதர் அவர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பிறகு உரிந்து வரவே இல்லை.

கடைகளில் விற்கும் தின்பண்டப் பொட்டலங்களுக்கும் பாட்டில்களுக்கும் லேபிள் அடிக்கிற அச்சகம் அது. லேபிள் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது இருபத்தாறு வருஷமாக அவர் வேலை. ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை, பூதக்கண்ணாடி, ஸ்கேல், மூடி தொலைந்துபோன சிவப்புப் பேனா. அவர் எந்த லேபிளையும் தலையிலிருந்து படிக்க மாட்டார். கடைசி வரியின் கடைசிச் சொல்லில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி மேலே ஏறி வருவார். "முன்னாலேருந்து படிச்சா அர்த்தம் புரிஞ்சிடும். அர்த்தம் புரிஞ்சா கண்ணு பிழையைத் தாண்டி ஓடிடும்" என்பது அவர் கட்சி. இப்படியே, கடைகளில் அடுக்கியிருக்கும் பாதிச் சாமான்களின் சேர்மானப் பட்டியலை எழுத்து விடாமல் வாசித்தும், ஒன்றிலாவது என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஐம்பத்தைந்து வயதைத் தொட்டுவிட்டார்.

அவர் மனைவி வேறு ரகம். ஒரு தையல் ஆலையின் வாசலில், வேலை முடிந்து கிளம்பும் பெண்களின் பைகளைச் சோதிக்கிறவள். பைக்குள் கை போனால் போதும், கண் பார்க்க வேண்டியதில்லை. அவளைத் தாண்டி ஒரு நூல்கண்டு வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது.

இந்த வீட்டுக்குத்தான் சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. "இனிப்பை அறவே நிறுத்துங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். புள்ளி சாரும் நிறுத்தினார். டீயில் போட்டுக்கொண்ட இரண்டு ஸ்பூனை நிறுத்தினார். அச்சகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டினால், எழுந்துபோய்க் கை கழுவுகிற இடத்தில் நின்றுகொள்வார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அளவு ஏறியிருந்தது. இன்னொரு மூன்று மாதம் போனது. அப்போதும் ஏறித்தான் இருந்தது. டாக்டர் அவரைப் பார்க்காமல் அவர் மனைவியைப் பார்த்து, "வெளியில எதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டார். அவ்வளவுதான், வந்தது வினை.

அன்றிலிருந்து தினமும் மாலை, செருப்பைக் கழற்றுமுன் வாசலிலேயே சோதனை. சட்டைப்பை, பேன்ட் பை, சாப்பாட்டுப் பை, குடையின் மடிப்பு. முடிந்ததும், "ஊதுங்க."

"நான் என்ன குடிச்சிட்டா வந்திருக்கேன்?"

"கேக் வாசனை வருதான்னு பாக்கணும். ஊதுங்க."

"உன் மேல சத்தியமா எதையும் தொடலம்மா."

"மாட்டிக்கிறவங்க எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க. நான் தினமும் கேக்கறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். புள்ளி சார் வெளியே இழுத்துவிட்ட பைகளை உள்ளே தள்ளிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. பெரிய உத்தமர் என்பதால் அல்ல, சொல்ல வராது. ஊசி போட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதுகூட அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்க்கும் கண்ணால் அவள் தன்னைப் பார்த்ததுதான் தாங்கவில்லை. எப்படியாவது அவள் தன்னை நம்ப வேண்டும், அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆனால் கவனிப்பில் அவள் குறை வைக்கவில்லை. வியாதி என்று தெரிந்த நாளிலிருந்தே அவருக்கென்று கடையில் தேடித்தேடி வாங்கி வந்தாள். ரொட்டி என்றால் பழுப்பு ரொட்டி, தயிர் என்றால் கொழுப்பு நீக்கிப் பழம் போட்ட தயிர். காலையில் தானிய அவல், மேலே பால். அந்த அவல் டப்பாவில் ஒருவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான். "நல்லதா வயித்தை நிரப்பிக்கிட்டுப் போங்க. அப்பதான் கண்டதுல மனசு போகாது" என்று அவளே கிண்ணம் நிறையக் கொட்டுவாள்.

ஒருநாள் அந்த ஓடுகிறவனே அவர் மேசைக்கு வந்து சேர்ந்தான். டப்பாவின் லேபிளை மாற்றுகிறார்களாம். பழையதை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் வைத்து ஒப்பிட வேண்டும். பழைய பட்டியலில் இரண்டாவது இடத்தில் சர்க்கரை இருந்தது. புதியதில் அந்த இடத்தில் ஓட்ஸ். சர்க்கரை ஆறாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. கீழே அங்கங்கே குளுக்கோஸ் பாகு, மால்ட் சாறு, சுண்டவைத்த பழச்சாறு என்று புது ஆட்கள். சரி, இனிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்தால், பக்கத்துக் கட்டத்தில் நூறு கிராமுக்குச் சர்க்கரை இருபத்தெட்டு கிராம். பழையதிலும் அதே இருபத்தெட்டு. பிழை! புள்ளி சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே கம்பெனிக்கு போன் போட்டார்.

"சார், பட்டியலை மாத்திட்டீங்க, கட்டத்துல நம்பரை மாத்த மறந்துட்டீங்க."

"மறக்கல சார். நம்பர் சரிதான்."

"சர்க்கரை ரெண்டாவதுலேருந்து ஆறாவதுக்குப் போயிருக்கே?"

"எது அதிகமோ அது முதல்ல வரணும்னு விதி சார். ஒரே பேர்ல இருந்தா மேல நிக்குது. நாலு பேரா பிரிச்சுப் போட்டா ஒவ்வொண்ணும் கீழ போயிடும். இனிப்பு அதே இனிப்புதான். நீங்க எழுத்தை மட்டும் பாத்து அனுப்புங்க."

புள்ளி சார் போனை வைத்தார். ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு லேபிளை முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு பழைய லேபிள்கள் இருந்த அலமாரியைத் திறந்து பழுப்பு ரொட்டியை எடுத்தார், பழத் தயிரை எடுத்தார், தக்காளி சாஸை எடுத்தார். எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியவை. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் அது உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஒரு கிண்ணம் அவலைக் காகிதத்தில் மடித்து அச்சகத்துக்கு எடுத்து வந்தார். வீட்டிலிருந்து வெளியே போகிறதற்குத்தான் சோதனை கிடையாதே. மை நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்தால் ஐம்பது கிராம். அப்படியென்றால் சர்க்கரை மட்டும் பதினாலு கிராம், அதாவது மூன்றரை ஸ்பூன். டீயில் இரண்டு ஸ்பூனைத் தியாகம் செய்த மகான், காலையில் உட்கார்ந்து மூன்றரை ஸ்பூனை மென்று தின்றிருக்கிறார்.

அன்று மாலை இரண்டு லேபிளிலும் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வசனம் ஒத்திகை. சட்டைப்பையில் அவள் கை போனதும் காகிதம் வந்தது.

"என்னங்க இது?"

"படி. மேலேருந்து படி."

அவர் போனில் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் படித்தாள். அடுக்களைக்குப் போய் அவல் டப்பாவை எடுத்துப் பார்த்தாள், ரொட்டி உறையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான்தானா?" என்றாள். "தினமும் என் கையாலேயா போட்டேன்? போதும் போதும்னீங்களே, அப்பவும் அள்ளி அள்ளிப் போட்டேனே."

அவள் கண் கலங்கி அவர் பார்த்ததில்லை. ஜெயித்தாகிவிட்டது. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இது மட்டும் இல்லம்மா," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆபீஸ்ல... நானும் கேக் சாப்பிட்டேன்."

"என்னது?"

"பிறந்தநாள் வந்தா... ரெண்டு துண்டு."

அவள் சடாரென்று எழுந்தாள். "பாத்தீங்களா! எனக்குத் தெரியும்! அப்பவே சொன்னேனா இல்லையா!" இத்தனை நாளாகச் சொன்ன உண்மையை நம்பாதவள், முதல் பொய்யை அரை நொடியில் நம்பிவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவல் டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டபடியே விளாச ஆரம்பித்தாள். அவருக்கு அந்தத் திட்டு காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அளவு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டருக்கு ஆச்சரியம். "என்ன பண்ணினீங்க?"

"டப்பாவுல வர்றதையெல்லாம் நிறுத்திட்டோம் டாக்டர்," என்றாள் மனைவி. "அதோட இவரு ஆபீஸ்ல கள்ளத்தனமா கேக் தின்னுட்டிருந்தாரு. நான்தான் கண்டுபிடிச்சேன்."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அப்படியாங்க?"

"ஆமாங்க டாக்டர், ரெண்டு துண்டு," என்றார் புள்ளி சார். இந்தத் தடவை நாக்குக் குழறவில்லை.