அப்பா வாங்கிய பங்குகளின் விலை

அப்பா விட்டுப்போன பங்குகளை என் பெயருக்கு மாற்ற, இன்னொரு வாரிசான, வடக்கனந்தலில் இருக்கும் என் அக்கா சரோஜாவின் கையெழுத்து தேவைப்பட்டது. "அந்தக் கம்பெனியே இப்ப இல்லக்கா, வெறும் காயிதம்" என்று பொய் சொல்லி வாங்கினேன். உண்மையில் அது பெரிய கம்பெனி ஒன்றோடு இணைந்து, பிறகு இரண்டாகப் பிரிந்து, பங்குகள் பெருகியிருந்தன.

விற்ற பிறகு கள்ளக்குறிச்சி ஆடிட்டர், "வரி கணக்குப் போடணும். ஒங்கப்பா மொதல்ல இன்னா வெலைக்கு வாங்குனாருன்னு பாத்து எடுத்துக்கினு வாங்க" என்றார்.

அப்பாவின் பெட்டியைக் கிளறியதில் பழைய ரசீது கிடைத்தது. அதன் பின்பக்கம் அவர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'சரோஜா துணி தைத்துச் சேர்த்த பணம்.'

அது அப்பாவின் பணமாகவே இருந்திருந்தாலும் நான் செய்தது திருட்டுதான்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, பணம் முழுவதையும் கொடுத்தேன். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை.

"கையெழுத்து வாங்க வந்தன்னிக்கு என் வூட்டுல ஒக்காந்து கோழிக்கொழம்பு சாப்ட்டியே தம்பி, எப்டி எறங்குச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கித் தின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.