தம்ளர் விழுந்த வீடு

பெரிய வெள்ளிக்கிழமை, இயேசுவைச் சிலுவையில் அறைவதைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் சகாய ஆண்டனிதான் எப்போதும் இடப்பக்கத்துச் சிலுவைக் கள்ளன். மற்ற நாட்களில் காரைக்குடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. முப்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. கேட்டால் ஒழியப் பேசமாட்டான். கள்ளனுக்கு ஆணி கிடையாது, கயிறுதான். மேடை போட வரும் பந்தல் கடை அருள்பாண்டியே கள்ளர் இருவரையும் மரத்தோடு சேர்த்துக் கட்டுவார். கட்டி முடித்ததும் நகத்தை அழுத்திப் பார்த்து, "ரத்தம் ஓடுதா தம்பி?" என்பார்.

தொண்ணூற்று நான்காம் வருஷத்து நாடகம் முடிந்து திரை விழுந்தபோது, வலப்பக்கத்துக் கள்ளன் இறங்கி பீடி பற்றவைத்துவிட்டான். சகாயத்தின் கட்டை அவிழ்க்க அருள்பாண்டி கை நீட்டினார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்ணே" என்றான் சகாயம்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அருள்பாண்டி சிரிக்கவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து, மிச்சக் கயிறுகளை நிதானமாகச் சுருட்ட ஆரம்பித்தார். நாளெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனதுபோல இருந்தது சகாயத்துக்கு. எத்தனையோ வருஷமாக அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டின் முன்பாதியை அருள்பாண்டி பந்தல் சாமான் போட வாடகைக்கு எடுத்திருந்தார். ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கிற வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையில். ஞாயிறு பூசை முடிந்து உச்சிப்பொழுதில் சகாயம் அங்கே போவான். முதல் வளவின் முற்றத்துத் தேக்குத் தூணில் சாய்ந்து உட்காருவான். மழமழவென்ற பருத்திக் கயிற்றால் அருள்பாண்டி மெதுவாகக் கட்டுவார். அவருக்கு அது பிடித்திருந்தது, இவனுக்கும்தான். அதற்குமேல் இருவரும் விளக்கிக்கொள்ளவில்லை. ஆனால் விதிகளைப் பேசிவைத்திருந்தார்கள். கட்டியவர் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. கத்தி பக்கத்திலேயே இருக்கவேண்டும். கட்டுப்பட்டவன் கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர் இருக்கும். வாய் திறக்க முடியாமல் போனால் அதைக் கீழே விட்டால் போதும், உடனே அவிழ்த்துவிடவேண்டும்.

அந்த வீட்டில் வேறு என்னவோ இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டுக்குள் அமர்ந்திருக்கும்போது, பின் வளவிலிருந்து மரம் மெல்ல முனகும். ஒருதரம் யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். தான் விடுகிற அதே மூச்சு.

"அண்ணே, உள்ளுக்க யாரோ இருக்காக."

"பழைய வீடு தம்பி. வெயிலுக்கு மரம் முறியும்."

மரம் மூச்சுவிடுமா என்று சகாயம் கேட்கவில்லை.

வீட்டில் அவன் அக்கா வியாகுலம்மாள் சோறு போடும்போது மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள்.

"கையில என்னடா கோடு?"

"பார்சல் கட்டுற கயிறு."

"நேமத்தான்பட்டிக்குப் போறியாமே. உச்சி நேரத்துல அந்த வீட்டுக்குள்ள பொம்பள அழுவுதாம், ஊரே சொல்லுது. ஒனக்குப் பொண்ணு அமையாம இருக்கிறது சும்மா இல்ல. என்னமோ ஒன்னயப் பிடிச்சிருக்கு."

அவள் போனபிறகும் அந்தக் கடைசி வார்த்தை தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பிடித்திருப்பது உண்மைதானோ? இப்படி ஒரு ஆசை எந்த மனுஷனுக்கு வரும்? பூமியில் இன்னொரு ஆளுக்கு இது உண்டு என்று தெரிந்தால் போதும், தூங்கிவிடுவான். தான் ஒருவன் மட்டும் என்றால், அக்கா சொல்வதுதான் சரி.

அடுத்த வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிறு. வளவின் நடுவில் வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது. தோள்வரை கயிறு ஏறியிருந்தது. சகாயம் கண்ணை மூடி, தன்னையறியாமல் மெல்ல முனகினான்.

தம்ளர் விழுந்தது.

தரையில் மோதி, உருண்டு, ஆடி, அடங்குகிற சத்தம். அருள்பாண்டி பதறிக் கட்டைப் பிடித்தார். சகாயம் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தான். தம்ளர் கையிலேயே இருந்தது.

அருள்பாண்டியின் முகம் வெளுத்தது. பேய்க்குப் பயந்த முகமல்ல அது. அவர் தலை பின் வளவுக் கதவுப் பக்கம் திரும்பியது, பாதம் நகரவில்லை.

"போய்ப் பாருங்கண்ணே!"

"கட்டுன ஆள விட்டுட்டு எப்படிடா போக?"

கத்தியை எடுத்து, அவ்வளவு நல்ல கயிற்றை அறுத்தார். அறுத்த கையோடு ஓடினார். சகாயமும் பின்னால் ஓடினான். கதவு மறுபக்கம் தாழிட்டிருந்தது.

"என்னாச்சு? வாயத் தொறந்து சொல்லுங்க!"

அருள்பாண்டி தோளால் ஒருதரம் மோதினார். அப்போது உள்ளே தடதடவென்று ஆண் காலடி. பதறிப்போன குரல்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அவுத்துட்டேன். பின்வாசல யாரோ தட்டுனாக, எட்டிப் பாத்துட்டு வரலாம்னு..."

"விட்டுட்டு எங்குட்டுப் போனீக? அறிவிருக்கா? புருஷன்னா மட்டும் போதுமா?"

சகாயம் அருள்பாண்டியையே பார்த்தான்.

"இன்னொரு ஆளு இருக்காகளா?"

"இருக்காக. புருஷன் பொண்டாட்டி, பின்வாசல் வழியா வந்து போவாக. நாந்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். பேரு கேக்காத."

"ஒரு வருஷம்ணே! எனக்கு மட்டுந்தான்னு நெனச்சு ஒரு வருஷம் செத்தேன். மரம் முறியுதுன்னீக!"

"ஒன்னயப் பத்தியும் அவுகளுக்கு மூச்சு விடல. அவுக முகம் அவுகளுக்குச் சொந்தம். நான் எடுத்துக் குடுக்க முடியாது தம்பி."

கதவிடுக்கு விரல் அகலம் இருந்தது. குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். தன்னைப்போல இன்னொரு உயிர், கதவுக்கு அந்தப் பக்கம். அவன் முழங்கால் மடங்கப்போயிற்று. பிறகு திரும்பி, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"யாரது?" பெண் குரல். "அங்குட்டு வேற யாரு?"

அருள்பாண்டி சகாயத்தைப் பார்த்தார். பதில் சொல்வது சகாயத்தின் விருப்பம்.

"நானும்... நானும் கட்டுப்படுற ஆளுதாங்க" என்றான்.

மறுபக்கம் ஏதோ துணி உரசும் சத்தம். அவளும் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும். மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ஒங்களுக்கும் கட்டுன பெறகு உள்ளுக்க எல்லாம் நின்னுபோகுமா?"

"மோட்டாரு அணைச்ச மாதிரி."

"எனக்கு மழை விட்ட மாதிரி" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள்போல. ஊரே சொன்ன அழுகை. "இவர் பின்வாசலுக்குப் போகவும், கதவுக்கு இங்குட்டு யாரோ முனகுனாக. பயந்துபோயிக் கையி தானா விட்டுருச்சு."

"முனகுனது நாந்தான்."

"ஒரு வருஷமாக் கேக்குது! இந்த வீட்டுப் பேயின்னுல்ல ஒங்கள நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"நான் ஒங்கள நெனச்சேன்."

முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவள் புருஷன், பிறகு அருள்பாண்டி. கடைசியாகச் சகாயத்துக்கும் வந்துவிட்டது, அடக்கமுடியாமல், கண்ணீர் முட்ட. ஆளில்லாத வளவுகளைத் தாண்டி, பூட்டிய அறைகளுக்குள் புகுந்து, அந்தச் சிரிப்பு இரண்டு தெருவுக்கும் கேட்டது. உச்சிவெயிலில் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போன யாரோ, மணியடித்துக்கொண்டே வேகமாக மிதித்தார்கள்.