பட்டியலில் ஆறாவது பெயர்

அறுபதுகளின் கடைசியில் நான் எழும்பூரில் ஒரு சினிமா ரசிகர் சங்கத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். மாடியில் இரண்டு அறை, ஒரு தமிழ் டைப்ரைட்டர், ஸ்டென்சில் தாளில் அடித்ததைப் பிரதி எடுக்க ஒரு ரோனியோ மெஷின். சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் நான். சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் வரை நடந்துபோய் மின்சார ரயில் பிடிப்பேன்.

அந்தச் சங்கம் வருஷா வருஷம் தமிழ்ப் படங்களுக்கு விருது கொடுக்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு விருதுக்கும் ஐந்து பெயர்களைப் பொறுக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்பும். பொறுக்குவதற்கு ஏழு பேர் கொண்ட கமிட்டி. ஏழு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள். தலைவர் டாக்டராக இருந்தவர். செயலாளர் தபால் இலாகாவில் பெரிய பதவியில் இருந்தவர்.

எங்கள் வீட்டிலோ சினிமா கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறுதோறும் கிறிஸ்தவக் கோயிலில் எழுந்து நின்று வேதம் வாசிப்பவர். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் "ஒரு சங்கத்துல டைப் பண்றா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா வீட்டுக்குச் சனிக்கிழமை போனால், அங்கிருந்த டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம் பார்க்காமல் நான் திரும்பியதில்லை. அது அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, அவர் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை கமிட்டி கூடி அந்த வருஷத்துப் பட்டியலை முடித்தது. செயலாளர் வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டு வந்தேன். சிறந்த துணை நடிகைக்கு ஐந்து பெயர்களை வாசித்துவிட்டு அடுத்த விருதுக்குப் போய்விட்டார். ஐந்தும் எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயர்கள். என் கை நின்றுவிட்டது. இரண்டு நாள் முன்னால் அக்காவோடு பார்த்த படத்தில் விடுதிச் சமையல்காரியாக வந்த அம்மாளின் பெயர் அதில் இல்லை.

"சார், ஒரு பேர் விட்டுப்போயிருக்கு" என்றேன். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

பெயரைச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. எந்தப் படம் என்று சொன்னேன்.

"அது ரெண்டு வாரம்கூட ஓடலையே. நாம யாரும் பாக்கல" என்றார் ஒருவர்.

"டைப் பண்றதுதாம்மா உன் வேலை" என்றார் செயலாளர். குரலில் கோபமில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது.

தலைவர் அவரைக் கையமர்த்தினார். "அப்படி என்ன பண்ணிட்டாங்க அந்த அம்மா?"

சொன்னேன். முப்பது வருஷம் சமைத்துப்போட்ட விடுதியில், நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று அவளிடம் சொல்கிறார்கள். அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "உளுந்து ஊறப் போட்டுட்டேனே, காலையில யாரு அரைப்பாங்க?" என்று கேட்கிறாள்.

"இப்ப எங்க ஓடுது அந்தப் படம்?" என்றார் தலைவர்.

"ஊரப்பாக்கம் கொட்டகையில சார். நாளைக்கோட கடைசி."

மறுநாள் ஏழு பேரில் ஐந்து பேர் எழும்பூர் ஸ்டேஷனில் நின்றிருந்தார்கள். செயலாளரும் வந்திருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தாம்பரத்தில் இறங்கிப் பஸ் ஏறினோம். கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவர், சலவை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வந்த ஐவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், கல்யாணத்துக்கு வந்துகினு வழி தப்பிட்டீங்களா?"

"படம் பார்க்கத்தாம்ப்பா வந்தோம்" என்றார் தலைவர்.

"சேரு மூணுதான் கீது. மத்தவங்க பெஞ்சுல குந்திக்கோங்க."

தலைவர் நாற்காலிகளை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுச் செயலாளரோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பெண்களுக்குத் தனிப் பக்கம். நடுவில் இடுப்புயரச் சுவர். நான் ஓடிப்போய் அக்காவை அழைத்துவந்து, அவளோடு மணலில் உட்கார்ந்தேன்.

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னா என்னடி பண்ணுவே?" என்று காதோடு கேட்டாள் அக்கா.

"வேலை போனாலும் போகும்."

"போனாப் போகட்டும். அந்தம்மா நல்லாத்தானே நடிச்சிருக்கா?"

அங்கே ஒரே புரொஜெக்டர்தான். ஒவ்வொரு சுருள் முடியும்போதும் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டுவார்கள். விளக்கு வரும்போதெல்லாம் நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முதல் தடவை செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை கமிட்டியில் இன்னொருவர் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். படத்தின் முக்கால்வாசி சாதாரணந்தான். ஒருவேளை நான் சனிக்கிழமை அழுதது படத்துக்காக இல்லையோ, அக்கா அழுததைப் பார்த்துத்தானோ என்றுகூட நினைத்தேன்.

கடைசிச் சுருளில்தான் அந்தக் காட்சி. அந்த அம்மாள் உளுந்தைப் பற்றிக் கேட்டதும் ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யார் என்று இருட்டில் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. செயலாளர்தான் முதலில் பேசினார்.

"விதிப்படி அஞ்சு பேர்தான்."

"விதியை எழுதினது நாமதானே?" என்றார் தலைவர்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "ஸ்டென்சில்ல ஆறாவது வரிக்கு இடம் இருக்குமாம்மா?"

"இருக்கும் சார். நான் பண்ணிடறேன்."

அன்றைக்கு அக்கா வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் நேராக வேலைக்குப் போனேன். அந்த ஆறாவது பெயரை அடிக்கும்போது ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். எத்தனையோ பட்டியல் அடித்திருக்கிறேன். ஒரு வரிக்காக அப்படி நெஞ்சு நிமிர்ந்தது அன்றுதான்.

பத்திரிகையில் வந்ததும் அப்பாவிடம் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கொட்டகைக்குப் போனதையும்தான். அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"அத்தனை பேர் முன்னாடி உட்கார்ந்துகிட்டுச் சொன்னியா, நின்னுகிட்டா?"

"நின்னுகிட்டுதாம்ப்பா."

"குரல் நடுங்கிச்சா?"

"கொஞ்சம்."

"பரவாயில்ல. முதல் தடவை வேதம் வாசிச்சப்ப எனக்கும் நடுங்கிச்சு." பத்திரிகையை மடித்து என்னிடம் தராமல் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒருவர் என்னைப் பற்றி விசாரித்தபோது, "சினிமா விருதுக் கமிட்டிக்கு இவதான் எல்லாம்" என்றார். கொஞ்சம் அதிகம்தான். நான் திருத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து மாடிப்படி ஏறி ஓர் அம்மாள் வந்தார். வெளுத்த நூல் புடவை, கையில் நாங்கள் அனுப்பிய கடிதம். திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"இது வேற யாருக்கோ வரவேண்டியதுன்னு நினைக்கிறேம்மா. எம் பேர்லயே இன்னொரு பொண்ணு நடிக்குது. அதுக்கு வந்ததை நான் வச்சுக்கிட்டா தப்பாயிடும்" என்று கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்குத்தாம்மா. நான்தான் டைப் பண்ணேன்" என்றேன். எந்தக் காட்சிக்காக என்றும் சொன்னேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அந்த இடத்துல அழச் சொன்னாங்க. கிளிசரின்கூடக் கொண்டாந்தாங்க. எனக்கு அழுகை வரல கண்ணு. உளுந்து நினைப்புதான் வந்துச்சு. சொல்லிட்டேன். டைரக்டரு, சரி இருக்கட்டும்னு விட்டுட்டாரு." பிறகுதான் அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

விருது அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டியலில் முதலில் இருந்தவருக்கே போனது. ஆனால் விழாவன்று ஆறு பேரையும் மேடைக்கு அழைத்தார்கள். அவர் பெயரை வாசிக்கும்போது பின்வரிசையிலிருந்து என் அக்கா கைதட்டிய சத்தத்தில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் பெயரைக் கேட்டதும் அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வருஷம் முதல் கூட்டத்துக்கு நான் வழக்கம்போல மூலையில் நோட்டோடு உட்கார்ந்தேன். செயலாளர் ஒரு நாற்காலியைத் தானே இழுத்து மேசையோரம் போட்டார்.

"இங்க வாம்மா. கொட்டகையில இந்த வருஷம் நீ என்னென்ன பார்த்தே, முதல்ல அதைச் சொல்லு."

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி வேலையை விடும் வரை நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். பட்டியலை அடித்ததும் நான்தான், கமிட்டியின் எட்டாவது ஆளாக அதில் ஓட்டுப் போட்டதும் நான்தான். அந்த மேசையில் உட்கார்ந்த முதல் பெண் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.